அம்மா தட்டிக்கொடுத்த ரோபோ

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் விசாரிக்கவில்லை.

நேற்று போனில் குதித்தாயே, "அம்மா அதைத் தட்டிக்கொடுத்திருக்காங்க, இங்க பதிவாகியிருக்கு! நம்பிட்டாங்க பாத்தியா!" என்று. நான் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம் என்று கெஞ்சினேன். "ஆளுங்கள எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டு, இந்த ரோபோவைப் பெட்டியில் அனுப்பினாய். நம்பகமான ரோபோ செய்யும் ஆராய்ச்சியாளர் அல்லவா!

நடந்தது இதுதான். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அது அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது. அம்மாவின் விழுந்துபோன வலது கை, ரோபோவின் முழங்கைக்கும் நாற்காலிச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "நிறுத்து" என்று சொன்னால் நின்றுவிடுமாம். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பேச்சே இல்லையே, அண்ணா! யாரை வைத்து இதைச் சோதித்தாய்? வாய் ஓயாத உன் மாணவர்களை வைத்துத்தானே?

அம்மா இடது கையால் அதை அடித்தாள். எழுபது வயதில் அந்தக் கைக்கு எவ்வளவு பலம் இருக்கும்? உன் கருவிக்கு அது செல்லத் தட்டல். ஒவ்வோர் அடிக்கும் "நன்றிம்மா, நன்றிம்மா" என்று குழைந்தது. அந்தக் குரல் கேட்டுத்தான் சந்தேகப்பட்டு ஓடிவந்தேன். அம்மாவின் கண்ணெல்லாம் நீர். ரோபோவின் நெற்றியில் பச்சை விளக்கு. அழுத்தம் ஆபத்து அளவைத் தாண்டவில்லையாம்.

எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். கை வீங்கிக் கறுத்திருக்கிறது. ரோபோவின் சுவிட்சை அணைத்து மூலையில் நிறுத்திவிட்டேன். அதன் மேல் ஈரத்துண்டு காயப்போடுகிறேன். அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த மாதக் கருத்தரங்கில், அம்மா அதை எவ்வளவு நம்புகிறாள் என்று திரையில் போட்டுக் காட்டப்போகிறாயாம். அண்ணி பெருமையாகச் சொன்னார். கை தட்டுவார்கள், அண்ணா. தட்டுவதெல்லாம் பாராட்டு என்றுதானே உனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ. அம்மா பக்கத்தில் உட்கார். அதே இடது கையால் உன் மேலும் தட்டுவாள். அடியா, ஆசையா என்று உனக்காவது தெரிகிறதா பார். எதுவானாலும் வாங்கிக்கொள்.

நன்றி மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை