காருக்குள் இருந்த ஆடு

1974 மார்ச் 9, சனி

இன்று ஓர் ஆட்டுக்கு மரியாதை செய்தேன். சந்தை வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றதும், என் கை தானாகப் போய் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உள்ளுக்கை டிரைவரும் ஆடும்தான்."

இருவரும் சிரித்தோம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது கேட்டாள்.

"முதலாளி எப்பிடியப்பா இவ்வளவு பணக்காரர் ஆனவர்?"

"பாடுபட்டு உழைச்சவர், பிள்ளை." ஊர் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் பாடுபடேல்லையோ?"

நக்கல் இல்லை, அறியத்தான் கேட்டாள். "உன்ர அப்பா சரியான சோம்பேறி" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஓம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலாளியும் நானும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை சுமக்கத் தொடங்கியவர்கள். கலியாணத்தில் அவருக்குச் சீதனமாக இரண்டு சரக்கு வள்ளங்கள் வந்தன. எனக்கு வந்தது இவளுடைய அம்மாவும் ஒரு தையல் மெசினும். நான் இன்னும் அங்கேதான் சுமக்கிறேன்.

சொல்லிவிடலாம் என்று அவள் பாய்க்கருகே போனேன். நித்திரையாகிவிட்டாள்.

அவரைவிட ஒரு மூட்டைகூட நான் குறைத்துச் சுமக்கவில்லை, பிள்ளை.