வயரைப் பிடுங்கி அனுப்பிய ராஜினாமா

ஐப்பசி 18, செவ்வாய்

இன்று போடிமெட்டு ஏலத்தோட்ட அலுவலகத்தில் கணக்கர் காதர் அண்ணனின் மெயிலைப் புது சர்வருக்கு மாற்றினேன். இணைப்பைக் கொடுத்ததும், அவுட்பாக்ஸில் நேற்றிலிருந்து கிடந்த ஒரு மெயில் தானாகப் போய்விட்டது. அவர் பதறி எழுந்தார்.

“மாப்ளே, அது ராஜினாமா! மொதலாளி வையிற அன்னைக்கெல்லாம் எழுதி, நெட்டு வயரைப் பிடுங்கிட்டு சென்ட் அமுக்குவேன். எங்கயும் போகாது, மனசு ஆறிரும். மறுநா வயரைச் செருகுறதுக்கு முன்னாடி அழிச்சிருவேன். நேத்து எழுதுன இதை மறந்துட்டேனே!”

சன்னல் வழியே மலையின் மஞ்சு பனிமூட்டமாய் உள்ளே வந்து திரையையும் அவர் முகத்தையும் மங்கலாக்கியது. மொதலாளிக்குப் போன் போட்டு என் தவறென்று சொல்ல, செல்லை எடுத்தேன். காதர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு. போனது போகட்டும்.”

இரவு வீடு திரும்பிவிட்டேன்; கீழே போடியில் மஞ்சு இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அறை வெளுக்கிறது. அந்தக் கை இன்னும் விடவில்லை.