சிவப்புத் தொப்பிக்காரர் நகரும்வரை

வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் காரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் கிழட்டு நாயும் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, போதிய அளவு தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் படியேறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. ஆலங்கட்டி மழையில் ஓட்டையான கூரையைச் சரிசெய்தாயிற்று. மரங்கள் இலையைக் கொட்டி முடித்துவிட்டன, தினமும் வாரிக் கட்டி எனக்கு இடுப்பு ஒடிகிறது. உனக்கு அங்கே வசந்தம் என்று எழுதியிருந்தாய். நியூஸிலாந்து வெயில் பொல்லாதது என்கிறார்கள், தொப்பி இல்லாமல் ஆட்டு மந்தைக்குப் பின்னால் அலையாதே. மிருக வைத்தியருக்கே தோல் உரிந்தால் யார் வைத்தியம் பார்ப்பது? ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்ல இரண்டு ஞாயிறு முயன்றேன். வாய் வரைக்கும் வந்தது, நீ நடுவில் புகுந்து எதையோ கேட்டாய், நான் கூரையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் கல்லூரிப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் தொடங்குகிறது. உன் சிநேகிதர்கள், கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்று கேட்டுச் சிரித்தார்களாமே, சிரிக்கட்டும். ஆனால் அவர்கள் ஊர் ரக்பி ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் விளம்பரமே இல்லாமல் முடிந்துவிடுகிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இங்கே நாளுக்கு நாள் மோசம். பந்தை எடுத்து நாலு நொடி ஓடுகிறார்கள், உடனே தொலைக்காட்சிக்காரர்களின் ஆளான அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். தொலைக்காட்சியில் விளம்பரம் முடிகிற வரைக்கும் அவர் நகரமாட்டார், அவர் நகர்கிற வரைக்கும் ஆட்டமும் நகராது. நம் பிள்ளைகள் புள்ளி எடுத்தால் ஒரு விளம்பரம், அடுத்து ஒரே ஒரு உதை, அதற்கப்புறம் மறுபடி விளம்பரம். அந்த ஒற்றை உதைக்காக எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று, மறுபடி குளிர்ந்த பலகையில் உட்கார வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் பிள்ளைகளின் பேண்டு வாத்தியமாவது கேட்கும். இப்போது பெரிய திரையில் டிரக் விற்கிறார்கள், சத்தத்தில் பல் ஆடுகிறது. நமக்குப் பின்வரிசையில் இருக்கிற நார்பர்ட், அதுதான், உரக்கடை நார்பர்ட், ஒவ்வொரு தடவையும் எழுந்து, "யோவ் செவப்புத் தொப்பி! இப்ப என்ன சோப்பு விக்கிறானுங்க சொல்லு, நாங்களே மொத்தமா வாங்கிக்கிறோம், ஆட்டத்த விடுய்யா!" என்று கத்துவார். நானும் என் பங்குக்குக் கத்துவேன். உன் அம்மாவின் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியாததா?

வருடா வருடம் அதே இடம், அதே அக்கம்பக்கம் என்பதுதான் நம் வழக்கம். ஓரத்தில் நான், நடுவில் உன் அப்பா, அதற்கப்புறம் ஹார்லன். ஹார்லனை உனக்கு நினைவிருக்கும், எனக்குச் சளி பிடித்த நாட்களில் என் இடத்தில் நீ போய் உட்காருவாயே, அப்போது உனக்குச் சூரியகாந்தி விதை கொடுத்து அதன் தோலை எப்படித் துப்புவது என்று காட்டிக்கொடுத்து என்னிடம் திட்டு வாங்கியவர். போர்வெல் போடுகிறவர், மேற்கே புரோக்கன் போ ஊர்ப் பக்கம் வீடு, ஆட்டத்துக்காகவே அத்தனை தூரம் வண்டி ஓட்டி வருவார். மனைவி ஜோன் ரொம்ப காலம் முன்பே போய்விட்டாள். போன வாரம் வரைக்கும் இத்தனை வருடத்தில் அவரை நான் மைதானத்துக்கு வெளியே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, உன் அப்பாவின் சவ அடக்கத்தைத் தவிர. அன்றைக்கும் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

உன் அப்பா டுவேன் போனபிறகும் அவர் இடத்தை நான் விடவில்லை. இரண்டு இடத்துக்கும் வருடச் சந்தா கட்டி, உன் அப்பாவின் சிவப்புத் திண்டைக் கொண்டுபோய் நடுவில் போட்டுவிட்டு ஓரத்தில் உட்காருவேன். ஹார்லன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருடம் ஒரு ஆட்டத்தில் மழை கொட்டியது, அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அந்தத் திண்டின்மேல் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நார்பர்ட் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

சரி, போன சனிக்கு முந்தின சனிக்கு வருகிறேன். மின்னசோட்டாக்காரர்களோடு ஆட்டம். முதல் பாதியே முடிகிறபாடாக இல்லை. ஒருவனுக்குக் காலில் பிடிப்பு, அதற்கு ஒரு விளம்பரம். நடுவர்கள் கூடிப் பேசினார்கள், அதற்கு ஒன்று. பாவம் அந்தப் பையன்கள், வேர்த்த உடம்போடு காற்றில் நின்று விறைத்துப்போனார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அடுத்த வருடம் இரண்டு இடத்தையும் திருப்பிக் கொடுக்கப்போகிறேன், வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பார்ப்பேன், ஆட்டம் முடிவதற்குள் நாய்க்குக்கூட ஒன்று பின்னிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். நார்பர்ட், "ஏம்மா மார்லிஸ், நீ போயிட்டா அவன யாரு திட்றது? நான் ஒத்த ஆளு எவ்வளவுதான் கத்துவேன்?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் வழக்கம்போல எனக்கும் சேர்த்து சூடான கோகோ வாங்கப் போனவர், வெறுங்கையோடு திரும்பி வந்தார். வாங்க மறந்துவிட்டாராம்.

மூன்றாவது பகுதியில் நம் பையன் ஒருவன் கோட்டோரம் பாய்ந்து பந்தைப் பிடித்தான். கால் கோட்டுக்குள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று பார்க்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். பெரிய திரையில் அந்த ஒரு காலையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள், நடுவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றார், சிவப்புத் தொப்பியும் வந்து சேர்ந்துகொண்டது. அப்போது ஹார்லன் திண்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "மார்லிஸ், ஒன்னு கேக்கலாமா?" என்றார். கேளுங்கள், இங்கே வேறென்ன வேலை என்றேன். "அடுத்த வருஷம் நீங்க வரலன்னா நான் உங்கள எங்க பாக்கறது?" என்றார். எனக்குப் புரியவில்லை. போன் இருக்கிறதே என்றேன். "போன்ல எனக்குப் பேச வராதுங்க. இப்படிப் பக்கத்துல உக்காந்து பேசித்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டுவேன் எடத்துல நான் உக்காரலாமான்னு கேக்கறேன். இங்க மட்டும் இல்ல" என்றார்.

காரின், விளையாட்டு நடக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று ஏதோ உளறினேன். "வெளையாட்டு எங்கங்க நடக்குது?" என்றார் அந்த மனிதர். உண்மைதானே. அத்தனை பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம். இது டுவேனின் இடம், இதைப்பற்றி முடிவு சொல்ல வேண்டியவள் நியூஸிலாந்தில் இருக்கிறாள் என்று சொன்னேன். "சரிங்க" என்றார், அவ்வளவுதான். அதற்குள் நடுவர் வந்து பந்து செல்லாது என்று அறிவித்தார், அரங்கமே ஊளையிட்டது, என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. நார்பர்ட் என் தோளைத் தட்டி, "என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

அப்புறம் வந்த விளம்பரங்களில் நான் உட்கார்ந்து யோசித்தேன். என் முழங்கால், ஒழுகின கூரை, நீ கப்பலேறாத குறையாக அவ்வளவு தூரம் போனபோது எனக்கிருந்த பயம், எல்லாம் இந்த மனிதருக்குத் தெரியும். ஜோன் எப்படிச் சிரிப்பாள் என்பதும், தண்ணீர் வராத கிணற்றுக்கு அவர் கூலி வாங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் எப்போது பேசினோம்? பந்து ஓடும்போது நான் யாரோடும் பேசமாட்டேன் என்று உனக்கே தெரியும். எல்லாம் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் நிற்கும்போது பேசியதுதான். இதற்காக அந்த விளம்பரக்காரர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. போன சனி வெளியூர் ஆட்டம், வீட்டில் பார்த்தேன், நான் திட்டிய திட்டில் நாய் சமையலறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் ஞாயிறு, தேவாலயம் முடிந்து, நெடுஞ்சாலை உணவகத்தில் அவரோடு சாப்பிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் முகத்தை நேராகப் பார்ப்பதே எனக்குப் புதிது, இத்தனை வருடமும் பக்கவாட்டில்தானே பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. பரிமாறுகிற பெண் வந்து, "எதுத்தாப்புல இன்னும் யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள். இல்லையம்மா, நாங்கள் இப்படித்தான் என்றேன்.

உன் அனுமதியைக் கேட்கவில்லை, செய்தியைத்தான் சொல்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். அனுமதிதான் கேட்கிறேன். நீ உன் அப்பாவின் செல்லம். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவர் அந்தப் பக்கமே உட்காருவார், நான் இந்தப் பக்கமே உட்காருவேன், இதைப்பற்றி மறுபடி பேசமாட்டோம். ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, காரின். அதையும் மறைக்க விரும்பவில்லை. யோசித்துப் பதில் எழுது, என் மனம் நோகக்கூடாது என்று மட்டும் எழுதாதே.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். அந்த மின்னசோட்டா ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், மறுபடி ஆட்டம் நின்றிருந்தபோது, நான் எழுந்து நடுவில் நகர்ந்தேன். உன் அப்பாவின் இடத்தில் ஹார்லன் உட்காரவில்லை. நான்தான் உட்கார்ந்தேன், அப்பாவின் திண்டின்மேலேயே. நார்பர்ட் பின்னாலிருந்து, "ஏய், ஆட்டம் நவுரலன்னாலும் மார்லிஸ் நவுந்துட்டாப்பா!" என்று கத்தினார், நான்கு வரிசைக்குக் கேட்டது. முகம் சிவந்தாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்திலிருந்து மைதானம் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. உன் அப்பா இத்தனை வருடம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன், மனதுக்கு இதமாக இருந்தது.

நீ நூறு வயது நன்றாக இரு மகளே. கடவுள் உன்னையும் உன் ஆடுமாடுகளையும் காக்கட்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறக்காதே. நவம்பர் கடைசி வெள்ளி, நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு மறுநாள், அயோவாக்காரர்களோடு ஆட்டம். இடத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓரத்தில் என் பழைய இடம் காலியாக இருக்கிறது. அதில் நான் திண்டு எதையும் போட்டு வைக்கவில்லை, போடவும் மாட்டேன். நீதான் உயிரோடு இருக்கிறாயே, வந்து உட்கார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
மார்லிஸ்