மொட்டை மூக்குத் துரப்பணம்

படகுப் பட்டறை,
திங்கட்கிழமை.

அன்பிற்குரிய என்னவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கட்டிய பெண்டாட்டிக்கு "வணக்கம், நலம், நலமறிய ஆவல்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத்தானா என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்துக்கொண்டேன். நகராட்சிக்கு மனு எழுதுகிறவர்கள்கூட உங்களைவிட உரிமையோடு எழுதுவார்கள்.

நான் நலம். உங்கள் தங்கை தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டாள். அண்ணி தனியாக இருக்கக் கூடாதாம். வந்த நாளிலிருந்து நான் மடித்து வைத்த துணியையெல்லாம் பிரித்து மறுபடி மடிக்கிறாள். கேட்டால், "ஓரம் சேரலை அண்ணி, எனக்குக் கண்ணை உறுத்துது" என்கிறாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாரத்திலிருந்து விழுந்ததில் போன தோள் இனி மேலே ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அதனால் நம் சாமான்களை அக்கரைப் பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பாதியில் நிற்கிற படகையும் அவரிடமே தள்ளிவிட வேண்டுமாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கவும் வேண்டாமாம். கடைசியில், "மற்றபடி உன் விருப்பம்" என்று ஒரு வரி. கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் என் விருப்பத்தைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விருப்பமில்லை. பட்டறையை விற்க மாட்டேன்.

படகில் இனி என்ன வேலை பாக்கி? பலகை எல்லாம் அறைந்தாகிவிட்டது. இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து அடைத்தாகிவிட்டது. இன்ஜின் தண்டு போவதற்கான துளை மட்டும்தான் மிச்சம். வெளியே பின்கட்டையில் ஆரம்பித்து, அடிமரத்தைக் குடைந்துகொண்டு, உள்ளே இன்ஜின் மேடைக்கு நேராக வந்து நிற்க வேண்டிய துளை. ஓர் ஆள் நீளம் இருக்கும். கொஞ்சம் கோணினாலும் அடிமரத்தையே பிடுங்கி எறிய வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஏறியதும் படகை இறக்கியாக வேண்டும், அதற்குள் துளை விழவில்லை என்றால் அக்கரைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று படகுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துளை போடும் கரண்ட் மெஷின் ஒன்றைக்கூடக் கொண்டு வந்து காட்டினார். அந்த நீளத்துக்கு அதில் அலகு கிடையாது. துரப்பணத்தைக் கையால் சுற்றினால்தான் உண்டு.

நான் சுற்றப் போகிறேன். சிரிக்காதீர்கள். நீங்கள் சுற்றிய ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் நின்று "தூக்குங்க, இறக்குங்க" என்று கத்தியவள் யார்? சுற்றுகிறவருக்குத் தன் கோணல் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால்தான் தெரியும் என்று நீங்களே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முறை நான் சுற்றுவேன், உங்கள் தங்கை பார்ப்பாள். துணியின் ஓரம் நூலளவு கோணினாலே கண்ணை உறுத்துகிறவளுக்கு இது தெரியாதா?

வேளைக்கு மாத்திரை போடுங்கள். அடுத்த கடிதத்திலாவது என்னைத் தெரிந்தவர் மாதிரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
விருப்பம் கேட்கப்பட்ட உங்கள் மனைவி.


சனிக்கிழமை.

அன்பிற்குரிய என்னவருக்கு,

இது அவசரக் கடிதம். நலம் விசாரிக்க நேரமில்லை.

துளை கோணிவிட்டது. பயப்படாதீர்கள், முழுக்கப் போகவில்லை. முழங்கை ஆழம் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் செய்வது போலவே நேர் பார்க்க இன்ஜின் மேடையிலிருந்து பின்கட்டைக்கு வெளியே வரைக்கும் கயிறு கட்டினேன். துரப்பணம் அலையாமல் இருக்க வெளியே ஒரு துளைபோட்ட கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். படகுக்காரர் புதிதாக வாங்கி வந்த நீளத் துரப்பணத்தைத்தான் எடுத்தேன். நுனியில் திருகு இருக்கிறதே, அது. மரத்தைத் தொட்டதும் தானே கவ்விக்கொண்டு போனது. நான் தள்ளவே இல்லை. இவ்வளவு சுலபமான வேலைக்கா இந்த மனுஷன் இத்தனை வருஷம் முக்கி முனகினார் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் தங்கைதான் கத்தினாள். "அண்ணி, நிறுத்துங்க! கம்பி கயித்தை விட்டு விலகுது." நான் இழுத்துப் பிடித்தேன், இடுப்பைத் திருப்பி நின்றேன், என்ன செய்தும் அது தன் போக்கில் வலது பக்கமாகவே ஓடியது. உருவி எடுத்துவிட்டேன்.

படகுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் ஏறிவிடும் என்கிறார்கள்.

நான் எங்கே தப்பு செய்தேன்? அதை மட்டும் எழுதுங்கள். "உன் விருப்பம்" என்று எழுதினீர்களானால் நான் சத்தியமாக அழுதுவிடுவேன். இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி.


வியாழக்கிழமை.

என் அன்பிற்கும் என் கோபத்துக்கும் உரியவருக்கு,

உங்கள் திட்டு வந்து சேர்ந்தது.

பஸ் நிறுத்தத்திலேயே பிரித்துப் படித்தேன். "அறிவிருக்கா உனக்கு? திருகு மூக்கை எவளாவது நீளத் துளைக்கு எடுப்பாளா?" என்ற முதல் வரியைப் பார்த்ததுமே என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எழுதிய முதல் கடிதம் இதுதான் என்பேன். முன்னால் வந்ததை யாரோ எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த முதல் வரியை இன்னொரு தடவை படிங்க அண்ணி" என்றாள். என்னைத் திட்டுவதைக் கேட்பதில் அவளுக்கு அத்தனை ஆசை.

திருகு மரத்தின் நரம்பைக் கவ்விக்கொண்டு நரம்பு போகிற வழியிலேயே போகும், அதனால்தான் சுகமாகப் போனது என்று எழுதியிருந்தீர்கள். நீளத் துளைக்குத் திருகில்லாத மொட்டை மூக்குதான், தள்ளினால்தான் போகும், ஆனால் தள்ளிய வழியில் போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். இத்தனை காலம் பக்கத்தில் நின்றும் அதை நான் கவனித்ததில்லை. நீங்கள் கூப்பிட்டு நான் வருவதற்குள் அதன் மூக்கு மரத்துக்குள் போயிருக்கும். சரி, அந்த மொட்டை மூக்கு எங்கே இருந்தது தெரியுமா? நுனி உடைந்துபோன சாமான் என்று நினைத்து, போன படகு முடிந்ததிலிருந்து கொல்லைக் கதவுக்குக் குறுக்குக் கம்பியாகப் போட்டுவைத்திருந்தேன். நீங்களும் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடியவர்தானே, உங்கள் கண்ணிலும் படவில்லையே. அதனால் நீங்கள் பேசக் கூடாது.

கோணல் துளையில் அதே மரத்தில் முளை செதுக்கி, நரம்பு பார்த்து, பசை வைத்து இறுக்கினேன். மொட்டை மூக்கின் அலகை நீங்கள் எழுதியபடி உள்பக்கம் மட்டும் அரத்தால் தீட்டினேன். கவ்விக்கொள்ளத் திருகு இல்லாததால் முதலில் உளியால் வட்டமாக ஒரு வாய் வெட்டிக்கொடுத்தேன். நேற்றுக் காலை ஆரம்பித்தோம்.

அம்மாடி! அதற்கு எத்தனை பிடிவாதம். மார்பால் முட்டி, வயிற்றால் முட்டி, மொத்த உடம்பையும் அதன் முதுகில் சாய்த்தால்தான் ஒரு சுற்று வருகிறது. நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டாவிட்டால் சிக்கிக்கொள்கிறது. உங்கள் தங்கை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். "தூக்குங்க. போதும். இறக்குங்க. அய்யோ, இவ்வளவு இல்லை அண்ணி, ஒரு நூல்." ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சல் வந்து, கோணுவது கம்பியா உன் கழுத்தா என்று கேட்டுவிட்டேன். "என் கழுத்து நேராத்தான் இருக்கு, நீங்க பேசாம சுத்துங்க" என்றாள். அண்ணனின் தங்கை அல்லவா. பேசாமல் சுற்றினேன்.

முதலில் பின்கட்டையின் சிவப்புத் தூள் வந்தது. மதியம் சாப்பிட்டு வந்து சுற்றியபோது தூள் மஞ்சளாக மாறியது. அடிமரத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அக்கரைப் பட்டறைக்காரர் எப்போதோ இரவல் வாங்கிய இடுக்கியைத் திருப்பித் தருகிற சாக்கில் தோணி போட்டு வந்து நின்றார். இடுக்கியைக் கொடுத்த பிறகும் போகவில்லை. அவர் பார்வையைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு ஆள் பலம் வந்தது.

படகுக்காரர் படகுக்குள் இறங்கி, இன்ஜின் மேடைக்கு முன்னால் நீங்கள் கரியால் போட்டு வைத்த வட்டத்துக்கு நேராக டார்ச்சை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி, "வருது, வருதும்மா, மரம் அதிருது" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தத்தைக் காணோம். வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன். கைப்பிடியை விடவும் முடியவில்லை, சுற்றவும் முடியவில்லை.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கத்தல். "நடுவுல! நட்ட நடுவுலம்மா!"

நான் நம்பவில்லை. ஏணியில் ஏறி உள்ளே குதித்து நானே பார்த்தேன். உங்கள் கரி வட்டத்தின் நடுவில், நீங்கள் வைத்த புள்ளியைத் தின்றுகொண்டு, அந்த மொட்டை மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் தங்கை பின்னாலேயே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தலை முதல் கால் வரை மரத்தூள். சிரித்தோம், அழுதோம், படகே ஆடுகிற மாதிரி குதித்தோம். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை. ஊரே பார்க்கட்டும் என்றுதான் குதித்தேன். படகுக்காரர் என்னைக் கும்பிட்டுவிட்டு, நேராக ஓடிப்போய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

இன்று காலை துளையை அகலப்படுத்தி, தண்டைச் செருகிப் பார்த்தோம். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. தண்டு முனையில் மாட்டிய விசிறியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. நாளை மறுநாள் படகு தண்ணீரில் இறங்குகிறது.

அக்கரைப் பட்டறைக்காரர் நேற்றே துளைக்குள் விரலை விட்டுச் சுற்றுமுற்றும் தடவிப் பார்த்தார். சாமான்களை விலைக்குக் கேட்கப் போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "என் பட்டறையில ரெண்டு படகு துளைக்கு நிக்குது. வந்து போட்டுக் குடுப்பீங்களா?" என்றார். வருவேன், ஆனால் நான் ஆளோடுதான் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்கள் தங்கையைச் சொல்லவில்லை. அவள், "நல்லாப் பார்த்துக்கிட்டேன் அண்ணி, ஆனா எனக்கு ரவிக்கை தைக்கிற வேலை கிடக்குது" என்று கையைக் கழுவிவிட்டாள்.

நீங்கள் எழுதியதில் கடைசி வரியை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டவில்லை. "நான் வரும்வரை அதில் கை வைக்காதே" என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்து எழுதினீர்களோ, கோபத்தில் எழுதினீர்களோ, எனக்குத் தெரியாது. கை வைத்துவிட்டேன், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் வருகிறேன் என்று எழுதிவிட்டீர்கள். அதை இனி மாற்ற விட மாட்டேன்.

உங்கள் தோள் ஏறாமல் போகட்டும். எனக்கு வேண்டியது தோள் இல்லை. என் தோள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, இன்றைக்கு வலிக்கின்றன, அவ்வளவுதான். நான் சுற்றும்போது என் கோணல் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். கண்ணும், திட்டுவதற்கு வாயும் இருந்தால் போதும். அவை இரண்டும் உங்களுக்கு என்றைக்கும் குறைந்ததில்லை.

படகு இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். உங்களுக்கு நீலச் சட்டை எடுத்து வருகிறேன். கட்டோடு போட முடியாது என்பதால் உங்கள் தங்கை வலது தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் அனுப்பினால் அன்றைக்கே இருவரும் திரும்பலாம். அனுப்பாவிட்டால் அவர் அனுப்பும்வரை அங்கேயே இருப்பேன். வரவேண்டாம் என்று பதில் எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதம் இங்கே வரும்போது வாங்க நான் இருக்க மாட்டேன், உங்கள் கட்டில் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களைக் கூட்டிப்போக வந்துகொண்டிருக்கும்,
உங்கள் மனைவி.