மேலறை

12 ஒக்டோபர் 1986, ஞாயிறு. எட்மண்டன், லண்டன்.

இனவெறிக்கு எதிரான ஊர்வலத்தில் இன்று என் கணவரும் செல்வமும் ஒரே பதாகையைப் பிடித்து நடந்தார்கள். செல்வம் இவரோடு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் பெடியன். மழையில் நனைந்துபோய் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது செல்வம் கேட்டான். "அண்ணை, உங்கடை மேலறை சும்மாதானே கிடக்கு, எனக்குத் தருவியளோ? வெள்ளைக்காரர் என்ரை முகத்தைக் கண்டதும் அறை குடுத்தாச்சு எண்டு சொல்லுகினம்."

"அதுக்கென்ன, வாரும்," என்றார் இவர். பிறகு, "ஊரிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை மகன்?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் சாதியை விசாரிப்பது இப்படித்தான்.

செல்வம் மறைக்காமல் சொன்னான். இவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அறையை வேறை ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டன் தம்பி. மறந்துபோனன்."

"ஓம் அண்ணை," என்ற செல்வம் என்னைப் பார்த்தான். அப்படி ஒருவரும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

இவர் நன்றாக நித்திரை கொள்கிறார். எனக்குத்தான் கண் மூட முடியவில்லை. போகும் முன் செல்வம் குசினிக்கு வந்து, தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். வேண்டாம், வை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.