அமரர் பட்டியலில் உங்கள் பெயர்

என் ஆசை அண்ணைக்கு,

கடலுக்குப் போய்த் திரும்பாத எங்கள் ஊர் ஆட்களுக்குக் கரையில் ஒரு நினைவுத் தூபி கட்டப்போகிறார்கள். அதற்கு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். சித்திர ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் என்று என்னை நடுவராகப் பிடித்து இருத்தினார்கள். உங்கள் பெயரும் தூபியில் வரும் என்ற ஒரே ஆசையில்தான் நானும் ஓம் என்றேன். கடைசியில் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தவளும் நான்தான்.

வந்த படங்களைச் சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் நெல்லியடியில் கலரில் அச்சடித்த பெரிய பெரிய தாள்கள். அரியண்டம், அண்ணை! முதலாவது படத்தில் ஒரு கடற்கன்னி. நல்ல கொழுத்த கடற்கன்னி, கையில் மின்குமிழ். எங்கள் ஆட்களைக் கொண்டுபோன கடலுக்கு இடுப்பும் மார்பும் வைத்து அழகுபார்க்க எவனுக்கு மனம் வந்ததோ?

அடுத்தது, ஊர்ப்பெயரை ஆளுயர ஆங்கில எழுத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். முன்னுக்கு நின்று செல்பி எடுக்கலாமாம். செத்தவீட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. இன்னொருவர் வெறும் கொங்கிறீட் சுவரைப் படமாகக் கீறிவிட்டு, அது "வெறுமையின் மொழி" என்று ஆறு பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். உங்கள் வீட்டு வெறுமையை ஒருநாள் வந்து பார்த்திருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்கமாட்டார்.

கம்பியூட்டர் தானாகக் கீறித் தந்த படம் ஒன்றும் வந்தது. படகு, ஓலைக் கூரை போட்ட உல்லாசப் படகு. அதில் நின்று வலை இழுக்கிறவருக்கு ஒரு கையில் ஏழு விரல். நான் எண்ணிக் காட்டினேன். தூபிக் குழுத் தலைவர் கிட்ட வந்து பார்க்கவும் இல்லை.

"விரலை ஆர் ரீச்சர் பாக்கப்போயினம்? நல்ல எடுப்பாயெல்லோ கிடக்கு!"

"கோதாரி! உந்தப் படத்துக்கோ பரிசு?" என்று கத்திவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

அன்று பின்னேரம் மச்சாள் வந்தா. உங்கள் மனைவி சனசமூக நிலையத்துப் படி ஏறியதே அன்றுதான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. உங்கள் உடல் கரைக்கு வராததால் நாங்கள் செத்தவீடும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை. உடலைக் காணாமல் காரியம் செய்தால், எங்கோ உயிரோடு இருக்கிற ஆளை நாங்களே கொன்றது போலாகிவிடும் என்பது எங்கள் கரையின் பயம். அதனால் இத்தனை வருடமும் அவ சுமங்கலிதான்.

கடற்கன்னியையும் இதயத்தையும் அவ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் இருந்த பெயர்ப் பட்டியலை விரலால் தடவித் தடவி வாசித்தா. உங்கள் பெயரில் விரல் நின்றது. அதற்கு முன்னால் "அமரர்" என்று இருந்தது.

"மனோ, உன்ரை அண்ணை செத்தது உனக்கு எப்ப தெரியும்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

படம் கீறுகிறவர்களுக்கு அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தது நான், அண்ணை. என் எழுத்து வடிவு என்று குழு என்னிடம்தான் தந்தது. எல்லாருக்கும் அமரர் போட்டுக்கொண்டு வந்த கை உங்களிடத்திலும் நிற்கவில்லை. கைப்பழக்கத்தில் வந்த பிழை என்று மச்சாளிடம் சொன்னேன். பொய். எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை. கம்பியூட்டர் கீறிய விரலை எண்ணத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போனதா? கடற்கன்னி கீறினவனைவிட நான் எதில் திறம்? சீ, என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உங்கள் பெயர் கல்லில் ஏறினால் ஊர் அவவின் நெற்றியைத்தான் பார்க்கும். புருசன் பெயர் கல்லில், பெண்சாதிக்குப் பொட்டென்ன என்று வாய்கூசாமல் கேட்கும். தலைவரிடம் போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன்.

"சொந்தத் தங்கச்சியே எழுதித் தந்திட்டு, இப்ப எடுக்கச் சொன்னால் சனம் என்னைக் கிழிக்குமெல்லோ?"

"கிழிக்கட்டும். நான் கையெழுத்து வைக்கமாட்டன். நடுவர் இல்லாமல் பரிசைக் குடுங்கோ பாப்பம்!"

மூன்று நாள் இழுத்தடித்து நேற்றுத்தான் எடுத்தார்கள். ஓடிப்போய் மச்சாளிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவ நிமிரவில்லை.

"எடுத்தது நல்லது. அது எனக்கு. உனக்கு அவர் செத்திட்டார் எண்டால் நீ அழன். நான் வேண்டாமெண்டே சொன்னனான்?"

அவவின் முற்றத்தில் நின்று அழ முடியுமா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நீங்கள் போனபிறகு நான் ஒருநாளும் அப்படி அழவில்லை. மச்சாளுக்குப் பயந்தா, அல்லது அழுதால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தா?

மச்சாள் குங்குமம் வைத்திருக்கும்வரை உங்கள் பெயரை எந்தக் கல்லிலும் வெட்ட விடமாட்டேன், அண்ணை. அவவின் வீட்டில் நீங்கள் கடல் தொழிலுக்குப் போயிருக்கிற ஆள். அங்கே போனால் நானும் "இன்னும் காணேல்லை" என்றுதான் சொல்வேன். என் வீட்டில் மட்டும் நீங்கள் செத்துவிட்டீர்கள்.

நேற்றுத்தான் உங்களைப் பறிகொடுத்த
உங்கள் தங்கச்சி,
மனோ