மணந்து பார்த்த பியர்

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

இன்று கடையில் வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்துத் தெரு மார்ட்டினா வந்தாள். மியூனிக் பக்கத்துப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பிரிட்ஜிலிருந்து ஜெர்மன் பியர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, "இது எப்படி இருக்கும்? எங்கள் ஊர் ஹெல்லெஸ் மாதிரி மென்மையா, இல்லை கசப்புக் கூடவா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நீங்கள்தானே விற்கிறீர்கள்!" என்று சிரித்தாள்.

லண்டன் பிளேஸ்டோவில் பதினெட்டு வருடமாக நானும் இவரும் கடை நடத்துகிறோம். வைன், விஸ்கி, பியர், எல்லாம் விற்கிறோம். ஒரு துளி நாக்கில் பட்டதில்லை. மீன் தின்னாதவள்கூட மீன் விற்றால் எது நல்ல மீன் என்று அறிந்து வைத்திருப்பாள். நான்?

13 ஏப்ரல், ஞாயிறு

மார்ட்டினாவைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். இவர் மொத்த வியாபாரக் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். ஹெல்லெஸ் என்றால் வெளிர் என்று அர்த்தமாம். கிளாசைச் சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி நுரை எழுப்பினாள். "குடிக்க அவசரப்படாதே, முதலில் மண."

மணந்தேன். பேக்கரிப் போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பாண்! அதற்குப் பின்னால் காய்ந்த புல், ஏதோ ஒரு பூ. குடித்தால் மெல்லிய இனிப்பு. முடிவில் கசப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது. பாகற்காய் தின்று வளர்ந்த எனக்கு இதெல்லாம் ஒரு கசப்பா?

அரைக் கிளாஸ்தான். பின்னேரம் முழுவதும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பியராலா, பயத்தாலா?

14 ஏப்ரல், திங்கள்

வருடப் பிறப்பு. மனோர் பார்க் கோயிலுக்குப் போனோம். முருகனிடம் சொல்லிவிட்டேன். இவரிடம் இன்னும் இல்லை.

19 ஏப்ரல், சனி

நான் சொல்லுமுன் ஊர் சொல்லிவிட்டது. பால் வாங்க வந்த யாரோ பின்னறைக் கதவால் கண்டிருக்கிறார்கள். போன், இவருடைய அக்கா லலிதா மச்சாளுக்குப் போய், அங்கிருந்து இவருக்கு வந்திருக்கிறது.

"நீர் பியர் குடிச்சனீரோ?"

"ஓம். ருசி பாத்தனான்."

"சனம் என்ன கதைக்கும்?"

"சனத்துக்குத்தானே விக்கிறம்."

அதோடு சரி. கிருசாந்தனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், சாமான் அடுக்குவார். முன் ஜன்னலில் அந்த ஜெர்மன் பியரின் பச்சைப் போத்தல்களைக் கோயில் கோபுரம் போல அடுக்கினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அழகுதான். நான் சொல்லவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

"ஓம்", "இல்லை", "தேத்தண்ணி". இவ்வளவுதான் வீட்டில் கதை.

3 மே, சனி

எத்தனை நாளுக்கு இப்படி? வருகிற சனிக்கிழமை கடையில் ஹெல்லெஸ் ருசி பார்க்கிற நாள் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். கவுன்சிலில் அனுமதியும் வாங்கியாயிற்று. "என்னவோ செய்யும்" என்றார் இவர். ஆனால் கதிரைகளைத் துடைத்து வைத்தது அவர்தான்.

10 மே, சனி

ஆட்கள் வருமுன் எல்லாவற்றிலும் ஒவ்வொரு போத்தல் திறந்து பார்த்தேன். பிரிட்ஜில் இருந்தவை நன்றாக இருந்தன. ஜன்னல் கோபுரத்திலிருந்து எடுத்ததைத் திறந்தால் — சீ! அதே பியர், அதே பெயர். மணம் மட்டும் மரநாய் மூத்திரம். மார்ட்டினா முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது: பச்சைக் கண்ணாடி வெயிலை மறைக்காது, வெயில் பட்டால் பியர் கெட்டுவிடும். இந்தக் கிழமை முழுக்க நல்ல வெயில்.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சொன்னால் இவர் முகம் என்னாகும்? சொல்லாமல் விட்டால் அதைத்தானே வாங்கிப் போவார்கள்?

இரண்டு போத்தலிலிருந்தும் ஒவ்வொரு கிளாஸ் ஊற்றி இவரிடம் கொண்டு போனேன்.

"இஞ்சருங்கோ, குடிக்க வேண்டாம். மணந்து மட்டும் பாருங்கோ."

பாம்பைப் பிடிப்பதுபோல் எட்டப் பிடித்தார். முதல் கிளாஸ். புருவம் உயர்ந்தது. "பாண்." இரண்டாவது. "ஐயோ! என்ன இழவு இது? எங்க இருந்தது?"

ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பிறகு சேர்ட் கையை மடித்துக்கொண்டு போய், தான் கட்டிய கோபுரத்தைத் தானே பிரித்தார், ஒரு போத்தல் மிச்சமில்லாமல்.

மார்ட்டினா வந்ததும், "கோபுரம் எங்கே?" என்று கேட்டாள்.

"வெயில் குடித்துவிட்டது" என்றார் இவர். கடையே சிரித்தது. இவரும்தான்.

18 மே, ஞாயிறு

இவர் குடிப்பதில்லை; ஆனால் நான் எதைத் திறந்தாலும் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "இதில தேன் வாசம் கொஞ்சம் கூட" என்கிறார். மறுபடி மணந்தால் — ஓம், தேன்! எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜன்னலில் இப்போது அரிசி மூட்டைகள்.

1 ஜூன், ஞாயிறு

லலிதா மச்சாள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கென்றே வந்த முகம். கதிரையில் இருக்கவுமில்லை.

"தம்பி, உன்ர மனிசி கடைக்குள்ள பியர் குடிக்கிறாளாம். நீ பாத்துக்கொண்டு நிக்கிறியாம்!"

சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தேன். அகப்பை கையோடு நின்றுவிட்டது.

"பாத்துக்கொண்டு நிக்கேல்லை அக்கா. மணந்துகொண்டு நிக்கிறன்."

எட்டிப் பார்த்தேன். இவர் கிளாசைச் சாய்த்து ஊற்றுகிறார், கடைசியில் நிமிர்த்துகிறார். எனக்கு இன்னும் இப்படி நுரை வராது. "குடிக்கச் சொல்லேல்லை. மணந்து பாருங்கோ."

மச்சாள் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கினார். மணந்தார். திரும்பவும் மணந்தார்.

"பாண் மாதிரியெல்லோ கிடக்கு."

"வேற?"

"பொறடா, யோசிக்க விடு."

அடுத்த முறை எட்டிப் பார்த்தபோது நுரை மச்சாளின் மேலுதட்டில் இருந்தது. இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொரியலைக் கொண்டுபோய் வைத்தேன். மச்சாள் ஒரு துண்டு கடித்து, ஒரு மிடறு குடித்து, கொஞ்சம் யோசித்தார்.

"உப்புக் காணாது பிரசாந்தினி. பியரோட எண்டா இன்னும் கொஞ்சம் போடும்."